சந்தனம் வைத்த ஜெட் விமானம்

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் ஒரகடம் போகிற பஸ்ஸில் கூட்டத்தைக் கேட்க வேண்டுமா? பொரி மூட்டை, வாழைக்கன்று, வெள்ளைப் பூசணிக்காய், சாமந்திக் கூடை எல்லாம் டிக்கெட் வாங்காமலே ஸ்ரீபெரும்புதூரில் ஏறி உட்கார்ந்திருந்தன. அதற்கு நடுவே என் கணவர், துண்டால் மூடிய ஒன்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "கொஞ்சம் வழி வுடுங்க, கொஞ்சம் வழி வுடுங்க" என்று உள்ளே போனார்.

முன் சீட்டில் இருந்த ஓர் அம்மாள் அவரைப் பார்த்தார். பின்னால் வந்த என்னையும் பார்த்தார். பெற்றவள் கையை வீசிக்கொண்டு வர, அப்பன்காரன் பிள்ளையைச் சுமக்கிறானே என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்.

"கைப்புள்ளயா? எத்தினி மாசம்பா?"

"அஞ்சு மாசம்" என்றார் இவர்.

பொய் இல்லை. செய்ய ஆரம்பித்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

"இப்டி மூஞ்சிய மூடிகினு வந்தா மூச்சு முட்டாது?" என்று அந்த அம்மாள் உரிமையோடு துண்டை விலக்கினார். உள்ளேயிருந்து வெள்ளியாய் மின்னிக்கொண்டு ஒரு கூர் மூக்கு எட்டிப் பார்த்தது. அந்த அம்மாள் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்ததில் ஒரு பொரி மூட்டை சாய்ந்தது.

கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, ராக்கெட்டா?"

"ஜெட் விமானம். ஃபைட்டர்."

"பறக்குமா?"

"பறக்காது. மாடல்."

"அப்ப பஸ்ஸுலதான் போவணும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். பிள்ளைப்பாக்கம் ஏரி வரைக்கும் பஸ்ஸே சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மடியில் இருந்த அந்தப் பதினாலு அங்குல மரக்கட்டையை நம்பித்தான் என் தம்பியின் காரியம் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

சிகரெட் பிடிக்காதவர் வீட்டில்

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் வாடகை வீட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "என்னைப் பத்தி எழுதினா ஒழுங்கா எழுது" என்று இவரிடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது. ஒழுங்காகவே எழுதுகிறேன். எழுபதுகளில் ஏதோ ஒரு வருஷம். இவர் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் புதிதாக வந்திருந்த ஒரு தொழிற்சாலையில், டூல் ரூமில் ஃபிட்டர். இரும்பைத் தலைமுடி அளவுக்குத் தேய்த்துத் தேய்த்துச் சரி பண்ணுகிற உத்தியோகம். அதே வேலையை வீட்டுக்கு வந்து மரத்தில் செய்வது பொழுதுபோக்கு.

கல்யாணமான புதிதில் எனக்கு விஷயம் தெரியாது. தாம்பரம் பக்கமிருந்து ஏதாவது விமானம் இரைந்துகொண்டு போனால், பாதிச் சோற்றில் எழுந்து எச்சில் கையோடு வாசலுக்கு ஓடுவார். வயிற்றுக் கோளாறு என்றே முதல் மாதம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். சுக்குக் கஷாயம்கூட வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, அடுத்த விமானத்துக்கும் ஓடினார்.

பிளாஸ்டிக்கில் பாகம் பாகமாக விமானம் வரும், ஒட்டினால் போதும் என்பார்கள். அதெல்லாம் கப்பலில் சீமைக்குப் போய் வருகிறவர்களுக்கு. இவருக்கு வாய்த்தது, தொழிற்சாலைக்கு மெஷின் வந்த பெட்டியின் பலகை. லேசான மரம். அறுத்தால் வீடெல்லாம் குங்கிலியம் போட்ட மாதிரி வாசனை வரும். அந்த வாசனைக்காக மட்டும் நான் பொறுத்துக்கொண்டேன்.

அட்டையில் விமானத்தின் உருவத்தைப் பாதி பாதியாக வெட்டி வைத்துக்கொள்வார். மரத்தை அரத்தால் தேய்ப்பது, அட்டையை வைத்து வெளிச்சத்தில் பார்ப்பது, இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி தேய்ப்பது. ஃபஸ்ட் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் இதுதான். ஸ்டவ்வில் நான் வைத்த பாலை இறக்கிவிட்டு, சட்டைப் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியைச் சூடு காட்டி, பைலட் உட்காருகிற கண்ணாடிக் கூண்டு செய்வார். நம்பர் எழுத மெல்லிய பிரஷ் வேண்டும் என்று, நான் அசந்த நேரத்தில் என் பின்னலின் நுனியைக் கத்தரித்தார். எந்த விமானத்தில் என் முடியால் எழுதியிருக்கிறது என்று இன்றைக்கும் என்னால் காட்ட முடியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து வெள்ளித்தாள். விமானத்தின் உடம்பு உலோகம், அதற்குப் பெயிண்ட் அடித்தால் இரும்பு கேட்டுக்குப் பெயிண்ட் அடித்த மாதிரி இருக்கும் என்பது அவர் கட்சி. அதனால் சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற ஈயத்தாளை எடுத்து, பின்பக்கக் காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, நிஜ விமானத்தில் தகடு தகடாக இருப்பது போலத் துண்டு துண்டாக வெட்டி, வார்னிஷ் தடவி ஒட்டுவார். ஒரு துண்டை நகத்தால் தேய்த்து மெருகேற்றுவார், பக்கத்துத் துண்டை மங்கலாகவே விடுவார். ஒன்று சுருங்கிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இவர் சிகரெட் பிடிக்க மாட்டார். தொழிற்சாலையில் பிடிக்கிறவர்களிடம் எல்லாம் காலிப் பெட்டி வாங்கி வருவார். ஒரு நாள் என் அப்பா நெல் அரைக்க வந்தவர் வீட்டுக்கு வந்து, பரண் முழுக்க அடுக்கியிருந்த சிகரெட் பெட்டிகளைப் பார்த்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ள நெஞ்சு இன்னாத்துக்கு ஆவும் கௌரி? ஒரு மனுசன் இத்தினியா புடிப்பான்?"

"அப்பா, அவர் புடிக்கறதில்ல. தாளு மட்டும்தான் எடுப்பாரு."

அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். புருஷனைக் காப்பாற்றப் பெண் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

வாஷர் வாங்கப் போனவன்

அப்பாவுக்கு ஒரகடம் பக்கம் வடக்குப்பட்டில் ஏரிப் பாசன நிலம், ஒரு பம்புசெட்டு, ஒரு ஜோடி மாடு, ஒரே மகன். என் தம்பி சேகர். நிலம், பம்புசெட்டு, மாடு மூன்றையும் அவன் பார்த்துக்கொள்வான் என்பது அவன் பிறந்த அன்றைக்கே அப்பா எடுத்த முடிவு. அவனிடம் யாரும் கேட்கவில்லை.

ஒரு நடவு நாளில், பம்புசெட்டுக்கு வாஷர் போய்விட்டது, சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் வாங்கி வருகிறேன் என்று சைக்கிளில் கிளம்பினான். சைக்கிள் சாயங்காலம் ஒரு தெரிந்தவர் மூலமாக வந்து சேர்ந்தது. அவன் ஸ்டேஷனில் ரயில் ஏறி, தாம்பரம் போய், விமானப் படைக்கு ஆள் எடுக்கிற வரிசையில் நின்றுவிட்டான். பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. நடவுக்கு வந்த பெண்கள் அன்றைக்குத் தண்ணீர் இல்லாமல் வரப்பில் உட்கார்ந்திருந்ததை அப்பா மறக்கவே இல்லை. அதற்கப்புறம் அவன் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டார். சொல்லியே ஆக வேண்டியிருந்தால் "வாஷர் வாங்கப் போனவன்" என்பார்.

அம்மா அவனுடைய யூனிஃபார்ம் போட்டோவை அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தாள். தினமும் படி அளக்கும்போது பார்த்துக்கொள்வாள். நான் ஊருக்குப் போனால் அவன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். ஆரம்பித்ததுமே அப்பா எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தான். அப்பா முகம் கொடுக்கவில்லை. இவன் உள்ளே வர, அவர் பின்பக்கமாக வயலுக்குப் போய்விட்டார். போகும்போது அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை.

"போன எடத்துலயே இருக்கச் சொல்லு. இங்க யாரும் அவன வான்னு கூப்புடல."

சேகரும் அதே ரத்தம்தானே. டிரங்குப் பெட்டியைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். "அவரா கூப்புடற வரைக்கும் நான் அந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்க்கா" என்றான். இரண்டு பேரில் யாரும் இறங்கி வருகிற ஆள் இல்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

என் கணவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, அரை மணி நேரம் யோசித்துவிட்டு, "அங்க நீ இன்னா வேல செய்றே?" என்று கேட்டார். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா?

"சக்கரம் மாமா. சக்கரம், அது மடங்குற காலு, அந்தக் கதவு. நான் பாத்து கையெழுத்துப் போட்டாதான் வண்டி மேல போவும்" என்றான் சேகர். மூன்று நாளில் அப்போதுதான் அவன் முகம் கொஞ்சம் நிமிர்ந்தது.

உள்பக்கம் என்ன நிறம்?

அவனை ரயிலேற்றிவிட்டு வந்ததும் இவர் பலகையைத் தேட ஆரம்பித்தார்.

"ஒங்கப்பாவுக்குப் புரியல கௌரி. புள்ள இன்னா செய்றான்னே தெரியல. காட்டினா தெரியும்."

"ஒரு போட்டோவ காட்டினா ஆவாதா?"

"போட்டோவுல அடிப்பக்கம் தெரியாது."

சேகர் வேலை பார்த்த விமானத்துக்கு நாட் என்று பெயர். கொசு மாதிரி ஒரு பூச்சியின் பெயராம். போர் விமானத்தில் அதைவிடச் சின்னது கிடையாது என்றார். எனக்கு அதில் ஒரு நிம்மதி, வீட்டில் இடம் அடைக்காது. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் பதினாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. அதன் சக்கரத்தையும் கதவையும் பாதி இறக்கினால், பறக்கும்போது அதுவே பிரேக் ஆகிவிடுமாம். இதைச் சொல்லும்போது இவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எங்கள் கல்யாணத்தில்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

மற்ற விமானங்களில் மேல்பக்கத்துக்குச் சாப்பாடு இறங்காது என்றால், இதில் அடிப்பக்கத்துக்குத் தூக்கமே போய்விட்டது. சக்கரம் மடங்கிப் போகிற பள்ளத்தைக் குடைந்து, பழைய மோட்டாரில் எடுத்த செம்புக் கம்பியை வளைத்து வளைத்துக் குழாய்கள் ஓட்டினார். குடைக் கம்பியில் கால்கள். சக்கரத்தை டூல் ரூம் லேத்தில் கடைந்திருக்க வேண்டும், சூப்பர்வைசரும் ரொம்ப நல்லவராக இருந்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்தது. ஒன்றே ஒன்று பாக்கி. அந்தப் பள்ளத்தின் உள்பக்கம் பச்சையா, சாம்பலா?

"கவுத்துப் போட்டு யாருங்க பாக்கப் போறாங்க?" என்றேன்.

"சேகர் பாப்பானே" என்றார்.

மச்சானுக்குக் கடிதம் எழுதினார். நலம், நலமறிய அவா, சக்கரப் பள்ளத்தின் உள்பக்கம் பச்சையா, சாம்பலா? பதில் வந்தது. "மாமா, நலம். இங்கே குளிர் அதிகம்." மறுபடி எழுதினார். "மாமா, அதெல்லாம் எழுதக் கூடாது. அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்." இவர் விடுகிற ஆளா? மூன்றாவது கடிதத்தில் சாமர்த்தியமாக, "உங்கள் ஊரில் இப்போது பயிர் பச்சையாக இருக்கிறதா, அல்லது சாம்பல் பூத்திருக்கிறதா?" என்று கேட்டார். அதற்குப் பதிலே வரவில்லை. என் தம்பியைச் சிறையில் போட்டுவிட்டார்களோ என்று ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கடைசியில் பச்சை என்று அவரே முடிவு பண்ணிப் பூசினார். பூசிவிட்டு, சாம்பலோ என்ற சந்தேகத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

இப்படி ஐந்து மாதம். அப்புறம்தான் அந்தப் பஸ் பயணம்.

"எத்தினி சக்கரம்?"

வடக்குப்பட்டில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இவர் துண்டை எடுத்தார். வெயிலில் அந்த வெள்ளித்தாள் பளபளத்ததைப் பார்த்து அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அழகாகத்தான் இருந்தது. இத்தனை கிண்டல் பண்ணினாலும் அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவர் ஆரம்பித்தார். இது இறக்கை, இது இன்ஜின் காற்று இழுக்கிற வாய், இது வால். சேகர் பெயரை எடுக்காமல் சுற்றிச் சுற்றி, மாட்டுச் சந்தையில் மாட்டைக் காட்டுகிற தரகர் மாதிரி அரை மணி நேரம் பேசினார். எதிரில் கடலைத் தொலி உடைகிற சத்தம்தான் பதில். அப்பா நிமிரவே இல்லை. "ம்" என்றார். இன்னொரு "ம்" என்றார்.

கடைசியில் இவர் பொறுக்க முடியாமல், "சேகரு வேல செய்ற வண்டி மாமா இது" என்று போட்டு உடைத்தார்.

அப்பா எழுந்தார். மடியில் இருந்த தொலியை உதறினார். விமானத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"எத்தினி சக்கரம்?"

"மூணு மாமா."

"ம்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஐந்து மாத உழைப்புக்கு மூன்று "ம்". இவர் அம்மா கொடுத்த காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். "நான் சொன்ன விதம் சரியில்ல கௌரி" என்றார். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, "அடிப்பக்கத்தையாவது காட்டினீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். காட்டவில்லை. அந்தப் பதற்றத்தில் மறந்துவிட்டிருந்தார்.

பழம் நசுங்கவில்லை

மறுநாள் காலை ஆயுத பூஜை. இவர் பம்புசெட்டில் குளிக்கப் போயிருந்தார். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

வருஷா வருஷம் போல அப்பா எல்லாவற்றையும் கழுவி வரிசை வைத்திருந்தார். ஏர், மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், பம்புசெட்டு ஸ்பேனர்கள். பக்கத்தில் மாட்டு வண்டி. வண்டிக்குப் பக்கத்தில் சேகர் விட்டுப்போன சைக்கிள். அந்த வரிசையின் கடைசியில், ஒரு மணைக்கட்டை மேல், விமானம்.

அதன் மூக்கில் மூன்று விரலால் இழுத்த விபூதி. நடுவில் சந்தனம், அதன் மேல் பெரிய குங்குமப் பொட்டு. ஓர் இறக்கைக்கு ஒன்று, இன்னோர் இறக்கைக்கு ஒன்று, கண்ணாடிக் கூண்டுக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. வாலில் சாமந்திச் சரம். ஒரு மாதம் நகத்தால் தேய்த்து மெருகேற்றிய வெள்ளித்தாளில் சந்தனம் வழிந்துகொண்டிருந்தது. இவர் பார்த்தால் மாரடைப்பு நிச்சயம்.

அப்பா குனிந்து மும்முரமாக ஏதோ செய்துகொண்டிருந்தார். வண்டிக்குப் பண்ணியாயிற்று, சைக்கிளுக்குப் பண்ணியாயிற்று, இப்போது இதற்கும் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம் பழம் வைக்கிறார். பழமோ சக்கரத்தைவிடப் பெரிது. தள்ளினால் பழம் உருண்டு ஓடியது. பிடித்து வந்து மறுபடி வைத்தார். அதுவும் ஓடியது. கடைசியில் விமானத்தைத் தூக்கிப் பழங்களின் மேல் உட்கார வைத்து, முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

"அப்பா!" என்று நான் கத்துவதற்குள் அழுத்திவிட்டார்.

டக்கென்று ஒரு சத்தம். பழம் நசுங்கவில்லை. விமானம் இடது பக்கம் சாய்ந்து, இறக்கை மணையில் இடித்து நின்றது. ஒரு கால், தான் பிடித்திருந்த மரச் சில்லோடு பிய்த்துக்கொண்டு வந்து தரையில் கிடந்தது.

அப்பா கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். இவர் ஈரத் துண்டோடு வந்தார். பார்த்தார். சத்தம் கேட்டு அம்மாவும் வாசலுக்கு வந்துவிட்டாள். தாளில் ஒரு சுருக்கம் விழுந்தால் பட்டினி கிடக்கிற மனுஷன்.

"நசுங்கலியே மாப்ள" என்றார் அப்பா. அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. "பழம் நசுங்கலன்னா வண்டிக்கு ஆவாது. சக்கரத்துக்கு ஒண்ணும் வரக்கூடாதேன்னு அழுத்திட்டேன். இத்தத்தான அவன் பாத்துக்கறான்? இது சரியா கீதுன்னு அவன் கையெழுத்துப் போட்டாதான மேல போவும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையெழுத்து விஷயத்தை நாங்கள் யாரும் அவரிடம் சொன்னதில்லை. சேகர் அதை அம்மாவுக்கு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான், நான் படித்துக் காட்டினேன். அப்பா அப்போது கொட்டகையில் இருந்தார். அப்படியானால் ஒவ்வொரு கடிதத்தையும் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். இத்தனை நாளும் நான் அவருக்கும் சேர்த்தே படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படித்திருப்பேன்.

இவர் கீழே உட்கார்ந்து அந்தக் காலைப் பொறுக்கினார். என் கணவரை நான் எவ்வளவோ கேலி செய்கிறேன். அன்றைக்கு அந்த முகத்தில் துளிக் கோபம் இல்லை. "ஒண்ணும் இல்ல மாமா. பசை பையில கீது. அரை மணியில நிக்க வெச்சிடறேன்" என்றார்.

அப்பா அவர் கையிலிருந்து அந்தக் காலை வாங்கிக்கொண்டார்.

"நீங்க எதுக்கு மாப்ள? இதுக்குன்னு ஒரு ஆளு கீறான் இல்ல. அவன் வந்து பண்ணட்டும்."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குப் புரிய இன்னொரு நிமிஷம் ஆயிற்று.

இன்லண்ட் லெட்டர்

பூஜை முடிந்த கையோடு எழுதச் சொன்னார். சுண்டல் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு இன்லண்ட் லெட்டரைப் பிரித்தேன்.

"இன்னா எழுதட்டும்பா?"

"மாமா செஞ்ச ஏரோப்ளேன்ல சக்கரம் ஒடஞ்சி பூடுச்சின்னு எழுது."

"அப்புறம்?"

"லீவு போட்டுட்டு வந்து சரி பண்ணச் சொல்லு."

"அப்பா கூப்புட்டாருன்னு எழுதலாமா?"

"அதத்தான சொல்லிகினு கீறேன்? ஒனக்குக் காது கேக்கலியா?"

எழுதினேன். கையெழுத்துப் போடுகிறாரா என்று நீட்டினேன். நீட்டியதற்கு ஒரு முறைப்பு கிடைத்தது. ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் வாங்கி, எழுதியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்க வராது.

லீவு கிடைத்து அவன் வந்து சேர அடுத்த மாதம் ஆகிவிட்டது. நல்ல மழை. நானும் இவரும் முதல் நாளே போய்விட்டோம். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, பஸ் மாறி, டிரங்குப் பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு நனைந்தபடி வந்தான். வாசற்படியில் நின்றுவிட்டான்.

அப்பா எழுந்தார். உள்ளே போய் விமானத்தையும், தனியாகத் தீப்பெட்டிக்குள் வைத்திருந்த காலையும் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தார்.

"இன்னா பாத்துகினு நிக்கிறே? வந்து வேலயப் பாரு."

சேகர் ஈர ட்ரவுசரோடு உட்கார்ந்தான். எல்லாரும் மேலே இருந்து பார்க்கிற விமானத்தை, கையில் எடுத்ததும் கவிழ்த்தான். அந்தப் பள்ளத்தையும் செம்புக் கம்பிகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தான். இவர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கலர் சரியா சேகரு? பச்சைதானே?" என்று காதில் கேட்டார். "அதெல்லாம் சொல்லக் கூடாது மாமா" என்று அவன் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சிரித்தான்.

அப்புறம் ஒட்ட ஆரம்பித்தான். என் தம்பியைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். நிஜ விமானத்தின் சக்கரத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு, இந்தக் குடைக் கம்பியை நேராக நிற்க வைக்கத் தெரியவில்லை. பசையை அப்பினான். நூலைச் சுற்றினான். நாக்கைக் கடித்துக்கொண்டு பிடித்துக்கொண்டிருந்தான். விட்டதும் கால் வெளிப்பக்கமாக விரிந்து, விமானம் நொண்டி மாடு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வெள்ளித்தாள் எல்லாம் பசைக் கறை.

அப்பா குந்தி உட்கார்ந்து பார்த்தார். இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். லேசாகத் தள்ளினார். சக்கரம் உருண்டது.

இவரால் தாங்க முடியவில்லை. ஐந்து மாதம் அட்டையை வைத்து வெளிச்சம் பார்த்தவர் ஆயிற்றே. பசை காய்வதற்குள் ஒரே ஒரு தட்டுத் தட்டினால் நேராகிவிடும் என்று மெதுவாகக் கையை நீட்டினார்.

"கைய எடுங்க மாப்ள" என்றார் அப்பா. "அது எம்புள்ள பண்ணது."

இவர் கையை எடுத்துக்கொண்டார்.